படம் வரும் இடம்

உளுந்து பொங்கி வர இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை இந்த முக்காலியில் உட்கார்ந்து கிரைண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், வேறு வேலை இல்லை, இன்றிலிருந்து உண்மையிலேயே வேறு வேலை இல்லை. காலையில், நான் கட்டுரை எழுதுகிற இணையதளத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அன்புள்ள எழுத்தாளரே என்று ஆரம்பித்திருந்தார்கள், வேலையை விட்டு அனுப்பும்போதுதான் இவர்களுக்கு அன்பு வரும்போல. உங்கள் பக்கங்களில் விளம்பரங்கள் முறைகேடாகத் தொடப்பட்டிருப்பது தெரியவந்துள்ளது, ஆகவே விளம்பர வருமானத்தில் உங்கள் பங்கு நிறுத்தப்படுகிறது, இதுவரை சேர்ந்த தொகையும் விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தரப்படும், கட்டுரைகள் அப்படியே இருக்கும், நீங்கள் விரும்பினால் தொடர்ந்து எழுதலாம். விரும்பினால். முறைகேடு என்ற சொல்லை இந்த வீட்டில் பேப்பரில்தான் பார்த்திருக்கிறோம், அதுவும் அடுத்தவர்களைப் பற்றி. இவர் நெல் கொள்முதல் நிலையத்தில் எழுத்தராக இருந்தவர், ஈரப்பதம் கூட என்று சொல்லி மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள் நடுவில் இருபத்தைந்து வருஷம் கை நனையாமல் இருந்தவர், முதல் தேதி சம்பளக் கவரைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு நான் எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நிற்பார், எண்ணித்தான் ஆகவேண்டும், எண்ணாவிட்டால் கோபம் வரும். இப்போது அவர் முன் அறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, இடது கையில் போன். கட்டில் என்று எழுதினால் மெத்தை விளம்பரம் வரும். இது இப்போது எனக்கு வியாதி மாதிரி ஆகிவிட்டது, எந்தச் சொல்லை நினைத்தாலும் அதன் பக்கத்தில் என்ன படம் வரும் என்று மனசு தானாகப் பார்க்கிறது. முதுகு என்றால் தைலம், முடி என்றால் எண்ணெய், மகள் என்றால் நகைக்கடை, நகைக்கடைக்குத்தான் பங்கு அதிகம். அதனால் நான் மகளை அடிக்கடி எழுதினேன். நிவேதாவுக்கு அது தெரியும், அம்மா என்னை வித்துத் திங்கிறீங்க என்று சிரிப்பாள்.

தண்ணீர் தெளிக்கவேண்டும். உள்ளங்கையில் கொஞ்சம், ஊற்றிவிடக்கூடாது. சிரிப்பவள் இன்றைக்குச் சிரிக்கவில்லை. ஓசூரில் ஆபீசில் ஏதோ மாடிப்படியில் நின்றுகொண்டு பேசினாள், குரல் எதிரொலித்தது. நான் அழவில்லை, கோபமாகத்தான் இருந்தேன், எவனோ பொறாமை பிடித்தவன் செய்த வேலை, எழுதுகிறவர்களுக்குள் அது உண்டு, நான் மேலே வந்தது பொறுக்காமல் எவனோ என் விளம்பரங்களைத் தொட்டுத் தொட்டு மாட்டிவிட்டிருக்கிறான் என்று சொன்னேன். அவள் என் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டே, "அம்மா, வேற யாரும் இல்லம்மா. மன்னார்குடியிலேருந்து ஒரே போன்தான்" என்றாள். மன்னார்குடியில் எனக்கு எதிரி யார் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன், பாருங்கள் என் புத்தியை, எதிர் வீட்டு ஜெயந்தி வரைக்கும் போய்விட்டேன். "அப்பா போன்மா. பக்கத்தைத் திறக்குது, படத்தைத் தொடுது, மூடுது. அடுத்ததைத் திறக்குது. நாள் பூரா இதே வேலை. எதுலயும் நாலு செகண்டுக்கு மேல நிக்கவே இல்ல." அவள் இன்னும் ஏதோ சொன்னாள். ஆரம்பத்தில் இதை அமைத்துக் கொடுக்க வந்திருந்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் படத்தை யாராவது தொட்டா அம்மாவுக்குக் காசுப்பா என்று சொன்னது அவள்தானாம், நாம தொடக்கூடாது என்கிற பாதியை என்னிடம் பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் சொன்னாளாம், என் தப்புதாம்மா என்றாள். அதை நான் ஒழுங்காகக் காதில் வாங்கவில்லை. நாலு செகண்டு என்பதிலேயே நின்றுவிட்டேன். காசு போனது போகட்டும், அது போனதும் வலிக்கத்தான் செய்கிறது, அதில்தான் ஜெரால்டு தம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், வாரத்தில் மூன்று நாள் வந்து இவர் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறவன். ஆனால் நாலு செகண்டு. நான் எழுதுவதை இவர் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வருஷம் நான் எழுதியதைப் படிக்காதவர். மாதர் சங்க மலரில் என் கட்டுரை வந்தபோது, "கோதை, இதுல உப்பு போட்டியா?" என்று கேட்டுவிட்டு மடித்து வைத்தவர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கு எழுத்து என்றால் பேப்பர், அதுவும் கடைசிப் பக்கத்து டெண்டர் அறிவிப்பு வரை வரி விடாமல். விழுந்த பிறகுதான், பேச்சும் போன பிறகுதான், என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பேன். தலையைக் குனிந்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, அவ்வளவு கவனம். எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதுப்பெண் மாதிரி இருந்தது. புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது ஒருத்திக்கு அப்படி இருக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன், இருக்கட்டுமே என்றும் சொல்லிக்கொள்வேன். அவருக்காகவே சில வரிகளை எழுதினேன். மழையில் இருவரும் சைக்கிளில் வந்த கதை, அவருக்குப் பிடிக்காத கத்தரிக்காயை அவர் அம்மாவுக்குப் பயந்து தின்ற கதை. அவர் அந்த இடத்துக்கு வரும்போது சிரிப்பாரா என்று கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஒருதரம் வாய் கோணி அசைந்தது, சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது தெரிகிறது, அது கத்தரிக்காய்க்கு இல்லை, பக்கத்தில் வந்த பிரஷர் குக்கர் படத்துக்கு. நாலு செகண்டில் சைக்கிளுக்கும் வரமுடியாது, மழைக்கும் வரமுடியாது, தலைப்பைக்கூட முழுசாகப் படிக்கமுடியாது.

உளுந்து வந்துவிட்டது. எடுத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு போட்டால் மிதக்கிறது, சரியான பதம். வழித்துவிட்டு அரிசியைப் போடவேண்டும், கல் முதலில் கடகடவென்று சத்தம் போடும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். என்னை அறுப்பது சைக்கிள் கட்டுரை இல்லை. குளியல் கட்டுரை. அவரைக் குளிப்பாட்டுவதைப் பற்றி எழுதியது, போன ஐப்பசியில். ஒரு மாதிரி வேகத்தில் எழுதி அதே வேகத்தில் போட்டுவிட்டேன், மறுநாள் விடிந்ததும் முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தேன். அதில் எல்லாமே இருக்கிறது. வேட்டியை அவிழ்ப்பது, கழுவிவிடுவது, ஒருநாள் பாத்ரூம் போவதற்குள் ஆகிவிட்டது, எல்லாம். பேர் போடவில்லை, என் கணவர் என்றுதான் எழுதியிருந்தேன், ஆனால் எனக்கு எத்தனை கணவர். அதனால் போனை அவர் கையிலேயே கொடுத்தேன். "என்னங்க, உங்களைப் பத்தி எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க. வேணாம்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துடுறேன்" என்றேன். பக்கத்திலேயே நின்றேன். விரலால் தள்ளினார், தள்ளினார், நடுவில் ஒரு கைத்தடி விளம்பரத்தில் விரல் பட்டு ஏதோ கடை திறந்துகொண்டது, விரல் வழுக்கிவிட்டது என்று நினைத்து நான்தான் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். கடைசிவரை போய்விட்டு என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். சரி என்று. அந்தத் தலையசைப்பை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்தேன். நான் எழுதியதிலேயே அதைத்தான் எல்லோரும் படித்தார்கள். அக்கா கண் கலங்கிவிட்டது, அக்கா என் அப்பாவும் இப்படித்தான், அக்கா நீங்கள் தெய்வம். தெய்வத்துக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கான டயப்பர் விளம்பரம். ஜெரால்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு கட்டுரை சம்பாதித்தது. ஜெயந்தி ஒருநாள், "இதையெல்லாமா எழுதுவாங்க? அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது, "அவர் படிச்சுட்டு சரின்னாரு" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னேன். எவ்வளவு தெம்பாகச் சொன்னேன்.

படிக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றதற்காகக் கடைசிவரை தள்ளிவிட்டுப் பொய்யாகத் தலையசைத்திருக்கிறார். ஏன் படிக்கவில்லை, நான் எழுதியது என்பதால் வேண்டாமா, இந்த நிலைமையிலும் உப்பு போட்டியாதானா, நாள் பூரா கையில் வேறு என்ன வேலை இருக்கிறது, நாலு வரி படித்தால் கை தேய்ந்துவிடுமா, எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும், நோயாளியிடம் கோபப்படக்கூடாது என்று யார் சொன்னது, கோபப்பட்டால்தான் அவர் இன்னும் என் புருஷனாக இருப்பார், இல்லாவிட்டால் நான் வெறும் ஆயா. பேப்பரை மட்டும் படிக்கிறாரே. காலையில் வந்ததும் மடியில் விரித்துக்கொள்கிறார். ஜெரால்டுகூடக் கேட்டான், "சார் பேப்பர் படிக்கிறாரா அக்கா?" என்று, "பின்ன, வரி விடமாட்டாரு" என்றேன். வரி விடமாட்டார். மடியில் விரித்துக்கொள்கிறார். ஒருநாள் தலைகீழாக விரித்து வைத்திருந்தார். அன்றைக்கு நான் என்ன நினைத்தேன், கழுத்து வலி, ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, அதனால் எப்படியோ பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன், நானே திருப்பி வைத்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் எடுக்கிறார், கம்பெனி மாறி வெள்ளை மாத்திரை மஞ்சளாக வந்த அன்று வாயை இறுக மூடிக்கொண்டார், அட்டையில் பேர் அதேதான் பாருங்க என்று காட்டினேன், பார்த்தார், வாயைத் திறக்கவில்லை, பிடிவாதம் என்று திட்டினேன். பிறந்தநாளுக்கு நிவேதா நீளமாக எழுதி அனுப்பியதை என் பக்கம் நீட்டினார், என்னைப் படிக்கச் சொல்கிறார், மகள் எழுதியதை மனைவி குரலில் கேட்க ஆசை என்று நினைத்து அதையும் ஒரு கட்டுரையாக எழுதினேன், நகைக்கடை விளம்பரம் வந்தது. தஞ்சாவூரில் அந்த டாக்டர், சின்ன வயசு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னென்னவோ சொன்னார், பேச்சு வர நாளாகும், கேட்டால் புரியும், படிக்கிறதும் எழுதுறதும் அடிபட்டிருக்கலாம், வீட்டுல கவனிச்சுச் சொல்லுங்கம்மா. அன்றைக்கு இவர் உயிரோடு வீட்டுக்கு வருவதைத் தவிர வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டில் கவனித்துச் சொல்லுங்கள். கதவோரம் நின்று எட்டி எட்டிக் கவனித்தேனே.

அரிசி அரைபடட்டும் என்று எழுந்து போனேன். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அவர் போனை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார், நெற்றி சுருங்கியிருந்தது. என் பக்கம்தான். படம் வரும் இடங்களில் எல்லாம் வெள்ளைக் கட்டம். என்னைப் பார்த்ததும் போனை நீட்டி, கட்டத்தைச் சுட்டிக்காட்டி, தொண்டையில் ஒரு சத்தம் எழுப்பினார், மெஷின் ரிப்பேர் என்று ஆபீசில் சொல்லுவாரே, அந்த அவசரம். நான் அவர் போனை வாங்கி வைத்துவிட்டு, என் போனில் காலையில் வந்த கடிதத்தைத் திறந்தேன். விளம்பரங்களைத் தொட்டதால்தான் எல்லாம் போயிற்று என்று தமிழில் எழுதியிருக்கிற கடிதம். "இதைப் படிங்க" என்று கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அவர் முகம் சுண்டவேண்டும் என்று இருந்ததா, சுண்டினால் படிக்கிறார் என்று ஆகுமே, அந்த ஆசையா. முகம் சுண்டட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன், என்னை ஏமாற்றினவராகவே இருக்கட்டும். அவர் கட்டைவிரல் கடிதத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. கடைசிவரை போனது. படம் எதுவும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, கோணிய வாயோடு, ஐப்பசியில் அசைத்த அதே மாதிரி, சரி என்று தலையை அசைத்தார்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதினால் என்ன படம் வரும் என்று அப்போதும் மனசு பார்த்தது, ஒன்றும் வராது, வெள்ளைக் கட்டம்தான். அவர் பயந்துபோய் என் தோளைத் தொட்டார். "ஒண்ணும் இல்லங்க. வெங்காய நெடி" என்றேன், கிரைண்டரில் ஏது வெங்காயம். பிறகு போனை வாங்கிக் குளியல் கட்டுரையைத் திறந்தேன். "நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க. தலை ஆட்ட வேணாம். எது வேணாம்னு தோணுதோ அங்க என் கையை அழுத்துங்க" என்று சொல்லி என் இடது கையை அவர் நல்ல கைக்குள் வைத்தேன். படித்தேன். என் கணவரைத் தினமும் வெயில் ஏறியதும் குளிப்பாட்டுகிறேன். வெந்நீர் விளாவும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். வேட்டியை அவிழ்க்கும்போது அவர் சுவரைப் பார்ப்பார், நானும் சுவரைப் பார்ப்பேன். கை அப்படியே இருந்தது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, எழுதும்போது இவ்வளவு அலங்காரம் தெரியவில்லை. மேலே படித்தேன். ஒருநாள் பாத்ரூம் வாசலிலேயே ஆகிவிட்டது. தொடை வழியாக இறங்குவதைத் தன் நல்ல கையால் மறைக்கப் பார்த்தார். அழுத்தினார். கேட்காத மாதிரி அடுத்த வரிக்குப் போகலாமா என்று ஒரு கணம் இருந்தது, அது கட்டுரையின் உயிரான இடம், எல்லோரும் கண் கலங்கிய இடம். இன்னும் அழுத்தினார், நகம் பதிய. "இந்த வரி மட்டுமா?" விடவில்லை. "முழுசா எடுத்துடவா?" கையைத் தளர்த்தினார். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எடுத்துவிட்டேன். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று தளம் கேட்டது, ஆமாம் என்றேன், ஒரே தொடுதல். போன மாதம் என்றால் என் விரல் அங்கே எவ்வளவு நேரம் நின்றிருக்கும். இப்போது அதை வைத்திருந்தாலும் ஒரு பைசா வரப்போவதில்லை, எடுத்தாலும் ஒரு பைசா போகப்போவதில்லை, இனாமாகக் கிடைத்த நல்லதனம், அதைத்தான் அவருக்குக் கொடுத்தேன். அப்போதே உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கலாம். படிச்சுப் பாருங்க என்று போனைக் கையில் திணித்தது அவர் தலையசைத்துவிடவேண்டும் என்றுதான், எனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கவேண்டும். கட்டுரை இருந்த பக்கம் காலியாக இருந்தது. அவர் கையை நீட்டினார். போன் வேண்டும். கொடுத்தால் வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு பொழுது பூரா உட்கார்ந்திருப்பார், இந்த உலகத்தில் அவர் எனக்காகச் செய்வதற்கு மிச்சம் இருந்த ஒரே வேலை. இதெல்லாம் நின்னுபோச்சுங்க, நீங்க தொட்டதாலதான் நின்னுபோச்சு என்று சொல்லிவிடலாம், கேட்டால் புரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சமையல் எழுதுகிற வேறு ஒருத்தியின் பக்கத்தைத் திறந்துகொடுக்கக் கை போனது, வேண்டாம், அவளுக்கும் இதே கடிதம் போகும், அவள் வீட்டில் யார் எப்படிக் கிடக்கிறார்களோ. ஒரு பெரிய பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தேன், இவர் ஒருத்தர் தொட்டு அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. நிறையப் படம் இருந்தது. அவர் நெற்றி விரிந்தது. மெத்தைப் படம் ஒன்றை நிதானமாகப் பார்த்து, கட்டைவிரலால் தொட்டார், ஏதோ கடை திறந்துகொண்டது. உள்ளே அரிசி எப்போதோ அரைபட்டுவிட்டது, மாவு சூடேறியிருக்கும், கல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், முதல் தேதி கவரைக் கொடுத்துவிட்டு நிற்பாரே, அந்தப் பார்வை. எண்ணாவிட்டால் கோபம் வரும். "வந்துடுச்சுங்க. சரியா இருக்கு" என்றேன்.